துப்பாக்கி யார் கையில்?

(விவசாயத் தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சென்ற கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு இளம் தோழர் கேட்ட கேள்வியைத்தான் இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம். அவர் கேட்டது இதுதான்: "அமெரிக்காவில் ஒவ்வொரு பிரஜைக்கும் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை அரசியல் சட்டத்திலேயே இருக்கிறதாமே. நம் நாட்டிலும் அது அடிப்படை உரிமையாக இருந்திருந்தால் வெண்மணி நடந்திருக்குமா?"

அன்று அதற்கு நாம் சரியாகப் பதில் சொல்லவில்லை. நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்துவிட்டோம். ஆனால் இது அப்படித் தட்டிக் கழிக்கக்கூடிய கேள்வி அல்ல. 1968 டிசம்பர் 25-ம் தேதி இரவு, அன்றைய தஞ்சை ஜில்லா கீழ்வெண்மணியில் மிராசுதாரும் அடியாட்களும் துப்பாக்கியோடுதான் வந்தார்கள். கூலியாகக் கொஞ்சம் நெல் கூடுதலாகக் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட மறுத்ததும்தான் அந்த மக்கள் செய்த குற்றம். சுட்டார்கள்; ஜனங்கள் சிதறி ஓடினார்கள்; ஓட முடியாத பெண்களும் கிழவர்களும் குழந்தைகளும் ராமய்யாவின் குடிசைக்குள் ஒண்டினார்கள்; குடிசைக்குத் தீ வைத்தார்கள். 44 உயிர்கள். அந்த மண்ணில் பிறந்த ஒரு இளைஞன், "அவர்கள் கையில் துப்பாக்கி இருந்தது, எங்கள் கையில் ஏன் இல்லை?" என்று கேட்டால் அவனை அவசரக்காரன் என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஆகவே ஆதியிலிருந்து பார்ப்போம்.

ஆயுதத்தைப் பிடுங்கியவன் யார்?

இந்த நாட்டு மக்கள் நிராயுதபாணிகளாகப் பிறக்கவில்லை. அவர்களை அப்படி ஆக்கினார்கள். அந்த வேலை தமிழ்நாட்டில்தான் முன்னாலேயே நடந்தது. கட்டபொம்மனைத் தூக்கிலிட்டு, மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டு, பாளையக்காரர் யுத்தத்தை முடித்த கையோடு 1801 டிசம்பரில் சென்னை கவர்னர் கிளைவ் பிரகடனம் போட்டான். (இவன் பிளாசி கிளைவ் அல்ல, அவனுடைய மகன்.) ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், கோட்டைகளை இடிக்க வேண்டும் என்பது உத்தரவு. வட இந்தியாவில் அதே காரியம் 1857 எழுச்சிக்குப் பிறகு நடந்தது. அதன் பிறகு 1878-ல் லிட்டன் பிரபு நாடு முழுமைக்கும் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தான். அதே வருஷத்தில் அதே லிட்டன்தான் இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாய்க்குப் பூட்டுப் போடும் சட்டத்தையும் கொண்டுவந்தான் என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். ஒரே ஆண்டு, ஒரே கை. ஒன்று கையிலிருப்பதைப் பறித்தது, மற்றொன்று வாயை அடைத்தது.

ஆனால் எல்லோருக்குமா பூட்டு? இல்லை. வெள்ளைக்காரனுக்கு விலக்கு. ஆங்கிலோ-இந்தியனுக்கு விலக்கு. ராஜாக்களுக்கும் பட்டம் பெற்ற பெரிய மனிதர்களுக்கும் விலக்கு. லைசென்ஸ் வாங்க வேண்டியவன் இந்தியப் பாமரன் ஒருவன்தான். இந்த அவமானம் தேசிய இயக்கத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. அகிம்சையைப் போதித்த காந்தியடிகளே 1918-ல் இந்தச் சட்டத்தைப் பிரிட்டிஷ் ஆட்சியின் மிகக் கறுத்த காரியமாகக் கண்டித்தார். 1931-ல் கராச்சி காங்கிரசின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொரு பிரஜைக்கும் உண்டு என்று எழுதியே வைத்தார்கள்.

பிறகு சுதந்திரம் வந்தது. 1948 டிசம்பர் முதல் வாரம் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத், கராச்சியில் கொடுத்த வாக்கை நிறைவேற்றுங்கள் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். டாக்டர் அம்பேத்கர் எழுந்து அதை எதிர்த்தார். அன்னியன் நம்மை நிராயுதபாணியாக்கியபோது அந்தக் கோரிக்கை நியாயம். இப்போது யார் வேண்டுமானாலும் கடைக்குப் போய் ஆயுதம் வாங்கலாம் என்றால் ராஜ்யம் எப்படி நிர்வாகம் நடத்த முடியும்? ஆயுதம் தாங்குவது தனி மனிதனின் உரிமை என்று பேசுவதை விட, நாட்டுக்கு ஆபத்து வரும்போது அது அவனுடைய கடமை என்று பேசுங்கள். இதுதான் அவருடைய வாதத்தின் சாரம். திருத்தம் தோற்றது. இன்றைக்கு 19-வது ஷரத்து நமக்கு ஒன்றுகூடும் உரிமை தருகிறது. "அமைதியாக, ஆயுதமின்றி" என்ற நிபந்தனையோடு.

நாம் இதைப் பற்றி என்ன நினைக்கிறோம்? ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். நிர்வாகம் எப்படி நடக்கும் என்ற கேள்வி நம்மைப் பெரிதாக அசைக்கவில்லை. யாருடைய நிர்வாகம் என்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது. ஆனாலும் காமத்தின் திருத்தம் வென்றிருந்தால் அது சேரியைக் காப்பாற்றியிருக்கும் என்று நம்மால் சொல்ல முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைப் புரிந்துகொள்ள அந்த உரிமையை எழுதியே வைத்திருக்கிற தேசத்துக்குப் போக வேண்டும்.

அமெரிக்கா சொல்லும் கதை

அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் 1791-ல் வந்தது. ஒரே ஒரு வாக்கியம். சுதந்திர ராஜ்யத்தின் பாதுகாப்புக்கு ஒழுங்குபட்ட மக்கள் படை தேவை என்று அது ஆரம்பிக்கிறது; ஆகவே மக்கள் ஆயுதம் வைத்துத் தாங்கும் உரிமையில் கை வைக்கக் கூடாது என்று முடிகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்குத் தெற்கு மாகாணங்களில் அந்த மக்கள் படை என்ன வேலை செய்தது தெரியுமா? ராத்திரி ரோந்து சுற்றி, தோட்டத்தை விட்டு ஓடிய அடிமைகளைப் பிடித்து வந்தது. அந்த "மக்கள்" என்ற சொல்லில் நீக்ரோ அடிமைக்கு இடம் இல்லை.

உள்நாட்டு யுத்தம் முடிந்து, 1865-ல் அடிமைத்தனம் ஒழிந்தது. ஒழிந்த வருஷமே மிசிசிப்பி மாகாணம் சட்டம் போட்டது: விடுதலை பெற்ற கறுப்பன் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குற்றம். இரண்டாவது திருத்தம் அங்கேயேதான் இருந்தது, யாரும் அழிக்கவில்லை!

இப்போது இளம் தோழர் கொஞ்சம் கூர்ந்து கேட்க வேண்டும். லூசியானா மாகாணத்தில் கோல்ஃபாக்ஸ் என்று ஒரு ஊர். 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. தேர்தல் தகராறில் கறுப்பு மக்கள் கோர்ட்டுக் கட்டிடத்தைக் காத்து நின்றார்கள். அவர்கள் கையில் துப்பாக்கி இருந்தது. சிலர் பழைய சிப்பாய்கள். எதிரே வெள்ளையர் கும்பல் இன்னும் அதிகத் துப்பாக்கியோடு, ஒரு சிறு பீரங்கியையும் இழுத்துக்கொண்டு வந்தது. கட்டிடத்துக்குத் தீ வைத்தார்கள். சரணடைந்தவர்களையும் அன்று இரவு சுட்டுக் கொன்றார்கள். செத்தவர்கள் 60-க்கு மேல். 150 வரை போகும் என்று கணக்கிடுபவர்களும் உண்டு. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 1876-ல் தீர்ப்பு: இரண்டாவது திருத்தம் மத்திய சர்க்காரைத்தான் கட்டுப்படுத்துமே தவிர, தனி ஆட்கள் செய்யும் காரியத்துக்கு அதில் பரிகாரம் இல்லை. தண்டனை பெற்றிருந்த கொலைகாரர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

துப்பாக்கி இருந்தது, உரிமையும் புத்தகத்தில் இருந்தது, தீயும் வைக்கப்பட்டது, கோர்ட்டும் விடுதலை செய்தது. வெண்மணி நினைவுக்கு வருகிறதா, இல்லையா? செஷன்ஸ் கோர்ட் பத்து வருஷம் தண்டித்த மிராசுதாரை ஹைகோர்ட் விடுதலை செய்தது. இவ்வளவு நிலமுள்ள பணக்காரர்கள் வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்து போய்க் குடிசை கொளுத்தினார்கள் என்பது நம்பத்தக்கதாயில்லை என்று அந்தத் தீர்ப்பு கருதியது. அதே இரவு மிராசுதார் தரப்பு ஆள் ஒருவர் இறந்த வழக்கில் மட்டும் தொழிலாளிகள் தண்டிக்கப்பட்டார்கள்.

தொழிலாளி வர்க்கத்தின் அனுபவம் என்ன? மேற்கு வர்ஜினியாவில் 1921 ஆகஸ்டு கடைசியில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் சுமார் 10,000 பேர், கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டிக்கொண்டு, கையில் துப்பாக்கியோடு பிளேர் மலையை நோக்கி நடந்தார்கள். சங்கம் வைக்கும் உரிமை கேட்டார்கள். அரசியல் சட்டப்படி ஆயுதம் தாங்க உரிமையுள்ள பிரஜைகள் அல்லவா அவர்கள்! முதலாளிகளின் பணத்தில் ஷெரீப் சேர்த்த படை மலை மேலிருந்து சுட்டது. ஆகாய விமானத்திலிருந்து குண்டு போட்டது. முடிவில் மத்திய அரசின் ராணுவம் இறங்கியது. தொழிலாளர்கள் கலைந்தார்கள். கொலை, ராஜத்துரோகம் என்று நூற்றுக்கணக்கானோர் மீது கேஸ். அவர்களுடைய வக்கீல்கள் இரண்டாவது திருத்தத்தைக் காட்டியா ஜெயித்தார்கள்?

இன்னும் ஒன்று. 1956 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் வீட்டில் குண்டு வெடித்தது. அவர் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு மனுப் போட்டார். அலபாமா அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். 1967-ல் கலிபோர்னியாவில் கறுஞ்சிறுத்தைக் கட்சித் தோழர்கள், சட்டம் அனுமதித்தபடியே துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்தி, போலீஸ் ரோந்தின் பின்னால் கண்காணித்துப் போனார்கள். உடனே என்ன நடந்தது? குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்தக் கூடாது என்று சட்டம் வந்தது. கையெழுத்துப் போட்டவர் அன்றைய கவர்னர் ரொனால்டு ரீகன். ஆதரித்தது நேஷனல் ரைபிள் அசோசியேஷன்! துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு என்றாலே பின்னாளில் வானத்துக்கும் பூமிக்கும் குதித்த அதே சங்கம்தான்.

அப்படியானால் அந்த உரிமை எப்போது ஒவ்வொரு தனி ஆளுக்கும் உறுதியாயிற்று? 2008-ல்தான் சுப்ரீம் கோர்ட், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், மக்கள் படையோடு சம்பந்தமில்லாமலே வீட்டில் துப்பாக்கி வைப்பது தனி மனித உரிமை என்று தீர்ப்பளித்தது. 2010-ல் அதை மாகாணங்களுக்கும் விரித்தது. 2022-ல் வெளியே எடுத்துச் செல்வதும் உரிமை என்றது. கூட்டாக நின்ற சுரங்கத் தொழிலாளிக்குக் கிடைக்காத உரிமை, கடையில் பணம் கொடுத்து வாங்கும் தனி ஆளுக்குக் கிடைத்தது.

அதன் பலன்? 2018-ல் வெளியான ஒரு சர்வதேச ஆய்வின்படி அங்கே ஜனங்கள் கையில் 39 கோடிக்கு மேல் துப்பாக்கிகள். ஜனத்தொகையை விட அதிகம். 2021-ல் துப்பாக்கியால் மாண்டவர்கள் 48,830 பேர். இதில் பாதிக்கு மேல், 26,328 பேர், தங்களையே சுட்டுக்கொண்டவர்கள். கொடுங்கோல் அரசை எதிர்க்க வைத்திருக்கும் ஆயுதமாம்! அது அதிகமாகத் திரும்பியிருப்பது வைத்திருந்தவனின் சொந்த நெற்றிப்பொட்டை நோக்கி. நம் டெல்டாவில் பூச்சிமருந்து டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் எத்தனை வீட்டில் ஒரு நிமிஷக் கோபம் பிணமாக முடிந்தது என்று உங்களுக்குத் தெரியும். 2022 மே மாதம் டெக்சாசில் யுவால்டே என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் 19 பிள்ளைகளையும் இரண்டு ஆசிரியைகளையும் சுட்டுக் கொன்ற பையனுக்கு வயது 18. தன் துப்பாக்கிகளைச் சட்டப்படி கடையில் வாங்கியிருந்தான்.

எதிர்வாதம் ஒன்று உண்டு

இத்தனையும் சொன்ன பிறகு, நமக்குச் சாதகமில்லாத ஒரு உண்மையையும் மறைக்கக் கூடாது. 1964-ல் அதே லூசியானாவில், ஜோன்ஸ்பரோ என்ற ஊரில், கறுப்புத் தொழிலாளர்களும் யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களும் சேர்ந்து ஒரு காவல் சங்கம் அமைத்தார்கள். முகமூடிக் கொலைகாரர்களான கூ க்ளக்ஸ் கிளான் கும்பல் தெருவில் நுழையாதபடி துப்பாக்கியோடு இரவில் காவல் இருந்தார்கள். அகிம்சைப் போராட்டம் நடத்த வந்த தொண்டர்களைப் பாதுகாத்தார்கள். அது பலித்தது. பலிக்கவில்லை என்று எவரும் சொல்ல முடியாது.

ஏன் பலித்தது? கோல்ஃபாக்சில் தோற்றது ஜோன்ஸ்பரோவில் ஜெயித்தது எப்படி? துப்பாக்கி இரண்டு இடத்திலும் இருந்தது. 1964-ல் கூடுதலாக இருந்தது நாடு தழுவிய ஒரு இயக்கம். ஒவ்வொரு ஊரிலும் ஊர்வலம். உலகம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த பத்திரிகைகள். காவல் இருந்தவனும் தனக்குத் தோன்றியபடி சுடவில்லை. சங்கத்தின் கட்டுப்பாட்டில் நின்றான்.

நம் இளைஞர்களில் சிலர் மார்க்ஸ் 1850-ல் கம்யூனிஸ்ட் லீகுக்கு எழுதிய சுற்றறிக்கையைக் காட்டுவார்கள். தொழிலாளிகள் ஆயுதத்தை எக்காரணத்தாலும் கைவிடக் கூடாது என்று அதில் இருப்பது வாஸ்தவம். ஆனால் அந்தப் பாராவை முழுக்கப் படியுங்கள். தாங்களே தேர்ந்தெடுத்த தலைவர்களின் கீழ், ஒரு வர்க்கமாகத் திரண்ட தொழிலாளர் காவற்படையைப் பற்றி, ஒரு புரட்சியின் நடுவே அவர் பேசுகிறார். தலைக்கு ஒரு துப்பாக்கி என்று சில்லறை வியாபாரம் பற்றிப் பேசவில்லை. 1871 மார்ச் 18-ல் பாரிஸ் மக்கள் தியேரின் பட்டாளத்திடம் கொடுக்க மறுத்த பீரங்கிகள் மக்கள் சந்தா போட்டு வாங்கியவை. தெலுங்கானாவில் நிஜாமின் ரஜாக்கர்களை எதிர்த்த விவசாயியும் எந்த ஷரத்தையும் புரட்டிப் பார்த்து ஆயுதம் எடுக்கவில்லை; அவனுக்குப் பின்னால் கிராமத்துச் சங்கம் இருந்தது.

சமமில்லாத ஊரில் கடையில் விற்கும் எந்தப் பொருளும் நிலம் பங்கான மாதிரியேதான் பங்காகும். ஐம்பது வேலிக்காரனிடம் ஐந்து துப்பாக்கி இருக்கும். கூலிக்காரனிடம் ஒன்று இருந்தால் அது சேட்டுக் கடையில் அடகிலிருக்கும். துப்பாக்கியை அடிப்படை உரிமையாக்கு என்று நாம் கோராததற்குக் காரணம் இதுதான்.

நம் சட்டத்தில் இருப்பது

பழைய லிட்டன் சட்டத்துக்குப் பதிலாக 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. 1962-ல் அமலுக்கு வந்தது. அதன் 14-வது பிரிவில் ஒரு வரி: போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக லைசென்சை மறுக்கக் கூடாது. படித்துவிட்டுச் சிரிப்பு வந்தது. காகிதத்தில் மிராசுதாரும் பண்ணையாளும் சரிசமம்! நடப்பில் எந்த ஊரிலாவது, பெரிய வீட்டுச் சுவரில் துப்பாக்கி தொங்காமல் கூரை வீட்டில் தொங்கப் பார்த்திருக்கிறீர்களா?

பீகாரைப் பாருங்கள். 1997 டிசம்பர் 1-ம் தேதி இரவு லக்ஷ்மண்பூர் பாதே கிராமத்தில், ரண்வீர் சேனா என்ற நிலப்பிரபுக்களின் கூலிப்படை தாழ்த்தப்பட்ட மக்கள் 58 பேரைச் சுட்டுக் கொன்றது; கைக்குழந்தையையும் விடவில்லை. கீழ்க்கோர்ட் 26 பேரைத் தண்டித்தது. 2013-ல் பாட்னா ஹைகோர்ட் 26 பேரையும் விடுதலை செய்தது.

ஆனால் தோழர்களே, நாம் படிக்காமல் விட்டுவிட்ட இன்னொரு சட்டம் இருக்கிறது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ல் வந்தது. அதற்கான விதிகள் 1995-ல் வந்தன. அதில் மூன்றாவது விதியை எடுத்துக்கொள்ளுங்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய இடங்களை அரசு அடையாளம் காண வேண்டும். அவசியமானால் அந்தப் பகுதியில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் அல்லாதாருடைய ஆயுத லைசென்சை ரத்துச் செய்யலாம். அவருடைய நெருங்கிய உறவினர், வேலையாள், குடும்ப நண்பர் லைசென்சையும் ரத்துச் செய்து, ஆயுதத்தை அரசு ஆயுதக் கிடங்கில் வைக்கச் சொல்லலாம். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். கடைசியாக, அவசியம் என்று கண்டால் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களின் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பாக அவர்களுக்கு ஆயுத லைசென்ஸ் கொடுக்கலாம்!

பார்த்தீர்களா? துப்பாக்கி எல்லோருக்கும் உரிமையா என்ற வெட்டிப் பேச்சு இந்த விதியில் இல்லை. எந்த ஊர், யாரிடம் இருக்கிறது, யாரிடமிருந்து எடுக்க வேண்டும், யாருக்குக் காவல் வேண்டும் என்று அது கேட்கிறது. இந்த விதியில் நாம் முதலில் பிடிக்க வேண்டியது கடைசி வரியை அல்ல, முன்னால் இருக்கும் வரிகளை. சேரிக்கு இரண்டு துப்பாக்கி வருவதை விட, பெரிய தெருவிலிருந்து பத்துத் துப்பாக்கி கிடங்குக்குப் போவது நமக்குப் பெரிய பாதுகாப்பு. இதில் மாறுபட்ட அபிப்பிராயமுள்ள தோழர்கள் இங்கே இருக்கிறார்கள் என்பது தெரியும். பேச்சு முடிந்ததும் எழுந்து சொல்லலாம்.

கேள்வி கேட்ட இளம் தோழரிடம் ஒரு வேலை ஒப்படைத்திருக்கிறோம். நம் தாலுகாவில் இதுவரை தகராறு நடந்த கிராமங்களின் பட்டியல், ஒவ்வொன்றிலும் யார் யாருக்குத் துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறது என்ற விவரம். தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கும் மனு தயாராகிவிட்டது. கிளைச் செயலாளர்கள் தங்கள் ஊர்ப் பெயரை இன்றே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் கூடுகிறோம். மூன்றாவது விதியின் நகல் எல்லோர் கையிலும் இருக்கட்டும்.